வாய்தா மச்சான் ஒரு ராத்திரி வாய்க்குள் வைத்திருந்த செய்தி

என் கடைப் போன் நம்பரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு பத்திரிகைக்காரிக்குக் கொடுத்தவர் என் மச்சான். வருஷம் எத்தனையோ ஓடிவிட்டது, அந்த எரிச்சல் மட்டும் எனக்கு ஆறவில்லை. நம்பரைக் கொடுத்ததோடு விட்டாரா? "இது என் ஆபீஸ் நம்பர், பகல்ல எப்ப வேணா கூப்பிடலாம்" என்றும் சொல்லி வைத்திருக்கிறார். அவருக்கு ஏது ஆபீஸ்? அது என் சலவைக்கடை. கோர்ட்டுக்குப் பின்பக்கத் தெருவில், வக்கீல்களின் கோட்டையும் கவுனையும் துவைத்துத் தேய்த்துக் கொடுக்கிற கடை.

போன் இருந்தது உள்ளறையில், தேய்ப்பு மேசைக்கு மேலே சுவரில். மணி அடித்தால் கையில் இருக்கும் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். ஒருநாள் அப்படித்தான் எடுத்தேன். "ஆபீஸா? சார் இருக்காரா?" என்றது ஒரு பெண்குரல். எந்த ஆபீஸ், எந்த சார் என்று எனக்கு விளங்குவதற்குள் பின்னால் கருகல் வாடை. பெட்டியை நிமிர்த்தி வைக்காமல் படுக்கப் போட்டிருக்கிறேன். ஒரு பெரிய வக்கீலின் கவுனில், முதுகுக்கு நடுவே, பெட்டியின் மூக்கு அப்படியே பதிந்துவிட்டது. அவர் தங்கமான மனுஷன், சண்டைக்கு வரவில்லை. ஆனால் அதற்கப்புறம் கடை வாசலில் கால் வைக்கும்போதெல்லாம் மூக்கை உறிஞ்சி, "இன்னிக்கு யாரு கவுன் வேகுது?" என்று கேட்காமல் போனதில்லை.

மச்சான் என்றால் என் பெண்டாட்டியோடு கூடப் பிறந்த அண்ணன். கோர்ட் வட்டாரத்தில் அவருக்கு வாய்தா என்று பெயர். வழக்கைக் கேட்காமல் இன்னொரு தேதிக்குத் தள்ளிப் போடுவதை வாய்தா என்பார்கள். அவர் அளவுக்கு வாய்தா வாங்கிய ஆள் அந்தக் கட்டடத்தில் கிடையாது.

அவர் வேலை பார்த்தது லாரி எடைமேடையில். பாரத்தோடு ஒரு தடவை, பாரம் இல்லாமல் ஒரு தடவை நிறுத்தி, கழித்து, சீட்டு எழுதிக் கொடுக்கிற வேலை. பெண்டாட்டி சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தார். வம்பு தும்புக்குப் போகாத மனுஷன்தான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அவருக்கும் நடுவே ஒரு சுவர் இருந்தது. அது என்னுடையது என்றார் இவர். இல்லை, என்னுடையது என்றார் அவர். வழக்கு போட்டார்கள். இவருக்கு மீசை கறுப்பாக இருக்கும்போது போட்ட வழக்கு, மீசை நரைத்தும் முடியவில்லை. ஒருநாள் வக்கீல் வரமாட்டார், ஒருநாள் ஜட்ஜ் வரமாட்டார், எல்லோரும் வந்த நாளில் நேரம் இருக்காது. வாய்தா, வாய்தா, வாய்தா. இப்படியே வேலையிலிருந்து ஓய்வும் பெற்றுவிட்டார். கடைசியில் தீர்ப்புக்குத் தேதி குறித்தார்கள். அந்தத் தேதிக்கு முந்தின வாரம் ஒரு மழை பெய்தது. சுவர் விழுந்துவிட்டது.

சுவர் இருந்தால்தானே சித்திரம்? "இல்லாத சுவருக்கு நான் என்னத்தத் தீர்ப்பு சொல்றது, ரெண்டு பேரும் சமாதானமாப் போங்க" என்று ஜட்ஜ் அனுப்பிவிட்டார். அடுத்த வாரம் அதே கிழமையில் மச்சான் குளித்து, தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். என் பெண்டாட்டி வழிமறித்துக் கேட்டாள்.

"வழக்குதான் முடிஞ்சு போச்சே அண்ணே, இப்ப எங்க கிளம்பிட்டீங்க?"

"எனக்கு முடிஞ்சிருச்சும்மா. மத்தவங்களுக்கு நடக்குதுல்ல?"

அன்றிலிருந்து கோர்ட்டில் கடைசி பெஞ்சு அவருக்குச் சொந்தமாகிவிட்டது. காலையில் போய் உட்காருவார், சாயங்காலம் கோர்ட் சேவகர் டவாலி வந்து ஜன்னலைச் சாத்தும்போது எழுந்திருப்பார். சம்பந்தம் இருக்கிறவன் கொட்டாவி விடுவான், சம்பந்தமே இல்லாத இவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். அங்கேதான் அந்த நிருபரம்மாவைப் பிடித்தார். கோர்ட் சமாசாரம் மட்டுமே எழுதுகிற பத்திரிகைக்காரி. தோளில் ஒரு கனத்த பை, காலில் ஓட்டப்பந்தயக்காரர்கள் போடும் ஷூ. ஒருநாள் வராந்தாவில் அவள் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தபோது இவர் தன் சுவர்க் கதையைச் சொல்லியிருக்கிறார். அவள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, நாலு வரி எழுதிவிட்டாள். அது அச்சில் வந்ததும் இவருக்குத் தலைகால் புரியவில்லை. தீர்ப்பு கிடைக்காத மனுஷனுக்கு அந்த நாலு வரிதான் தீர்ப்பு.

அதற்கப்புறம் விடுவாரா? தினம் ஒரு கதையோடு என் போனுக்கு வந்து நிற்பார். கல்யாணத்துக்கு முதல்நாள் மீசையைக் கோணலாக வெட்டிவிட்டான் என்று முடிவெட்டுகிறவர் மேல் வழக்கு போட்டவன் கதை. சாட்சிக் கூண்டில் நின்றபடியே தூங்கிப்போன சாட்சியின் கதை. எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரே பதில்: "சார், இது சம்பவம். கதை இல்ல."

"சம்பவத்துக்கும் கதைக்கும் என்ன மேடம் வித்தியாசம்?"

"யாருக்கோ ஒண்ணு பறிபோகணும் சார். அதைத் தடுக்க வேண்டியவங்க தடுக்காம இருக்கணும். அதுதான் கதை."

இன்னும் இரண்டு கேள்வி கேட்பாள். தாளில் இருக்கிறதா, வெறும் வாய்ப்பேச்சா? எதிராளி என்ன சொல்கிறான்? இரண்டாவது கேள்வியைக் கேட்டாலே மச்சானுக்குப் பற்றிக்கொண்டு வரும். எதிராளி என்றால் அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மூஞ்சிதான் தெரியும். "அவன் என்னத்த சொல்லுவான், பொய்தான் சொல்லுவான்" என்பார். அவள் போனை வைத்துவிடுவாள்.

அவருடைய பெரிய கோளாறு, எதையும் சுருக்கமாகச் சொல்லத் தெரியாது. ஆதாம் காலத்தில் ஆரம்பிப்பார். போன் பண்ணுவதற்கு முன்னால் என்னிடம் ஒத்திகை பார்ப்பார்.

"மாப்ளே, நீதான் அவங்க. நான் சொல்றேன், நீ கேளு."

"எனக்கு இங்க பன்னெண்டு கோட்டு கிடக்கு மச்சான்."

"தேச்சுக்கிட்டே கேளு. ஒரு வீடு. அந்த வீட்டுக்காரரோட அப்பாவுக்கு ரெண்டு தம்பி. அதுல மூத்த தம்பி..."

"போனை வச்சிட்டேன்."

"அதுக்குள்ளயா?"

"அவங்களா இருந்தா அப்பாகிட்டயே வச்சிருப்பாங்க. நான் தம்பி வரைக்கும் பொறுத்தேன்."

கோபித்துக்கொண்டு முன்பக்கம் போய் உட்காருவார். முன்பக்கம் என்றால் தையல்காரம்மாவின் இடம். அந்த அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடையின் முகப்பில் ஒரு மிஷினைப் போட்டுக்கொண்டு, வக்கீல்களுக்குப் பட்டன் தைப்பது, கிழிந்த கவுனுக்கு ஒட்டுப் போடுவது, கோட்டைப் பிரித்துத் தைப்பது என்று அவள் பிழைப்பு. நான் பொசுக்கிய கவுனில் ஒட்டுத் தெரியாமல் ஒட்டுப் போட்டவளும் அவள்தான். விதவை. ஒரே மகன், வேன் டிரைவர். சரக்கு குறைகிறது என்று முதலாளி அவன் மேல் திருட்டுப் புகார் கொடுத்து உள்ளே தள்ளிவிட்டான். அவன் எடுத்தானா இல்லையா என்று எனக்குத் தெரியாது, எடுக்கவில்லை என்றுதான் அவள் சொன்னாள். ஜாமீன் கிடைத்தது. ஆனால் சொத்து உள்ள இரண்டு பேர் பொறுப்பேற்க வேண்டும் என்று கோர்ட் சொல்லிவிட்டது. தையல்காரிக்குச் சொத்துள்ள சொந்தம் யார்? நானே போய்க் கேட்டேன். வாடகைக் கடைக்காரன் செல்லாது என்றார்கள். மச்சான் தன் வீட்டை எப்போதோ மகள் பேருக்கு எழுதி வைத்துவிட்டார். இலவச வக்கீல் ஒருவர், ஆள் பிணை இல்லாமல் அவன் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு விடச் சொல்லி மனு போட்டார். அது வாய்தாவில் கிடந்தது.

அவள் அழுது நான் பார்த்ததில்லை. ஆனால் மிஷின் ஓடுகிற சத்தம் மாறிவிட்டது. முன்பெல்லாம் சீராக ஓடும். இப்போது ஓடும், நிற்கும், கொஞ்ச நேரம் கழித்துத் திடீரென்று ஓடும்.

அந்தச் சமயத்தில்தான் நிருபரம்மா மச்சானிடம் அபூர்வமாகத் தானே ஒன்று கேட்டாள். "சார், விடச் சொல்லி உத்தரவு போட்டப்புறமும் ஆள் வெளிய வராமக் கிடக்கிறாங்கன்னு கேள்விப்படறேன். அப்படி ஒண்ணு உங்க கண்ணுல பட்டா உடனே எனக்குச் சொல்லுங்க. பெரிசா எழுதணும்." பெரிசா என்ற சொல்லை மச்சான் வீட்டுக்குப் போய் என் பெண்டாட்டியிடம் நாலு தடவை சொன்னாராம்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் மச்சான் கடைக்கு வந்தார். வந்ததும் தொடங்குகிற கோர்ட் கதை அன்றைக்கு இல்லை. டீ வாங்கி வைத்தேன், ஆறிப்போனது. தையல்காரம்மா, "என்னண்ணே, இன்னிக்குக் கோர்ட்ல ஒண்ணும் சுவாரசியம் இல்லையா?" என்று கேட்டாள். "இல்லம்மா" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். எழுந்து போய்விட்டார். வயிறு சரியில்லையோ என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் வேர்க்க விறுவிறுக்க வந்தவர், யாரிடமும் பேசாமல் நேரே உள்ளறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார்.

"கதவைத் திறங்க மச்சான், நான் என்ன இட்லியா அவிஞ்சு போக?"

"கொஞ்சம் பொறு மாப்ளே" என்றவர் நம்பரைச் சுற்றினார். அவருக்கு ஒரு காது மந்தம். அதனால் போனின் சத்தத்தைக் கூட்டித்தான் வைத்திருப்பார். அந்தப் பக்கம் பேசுவது எனக்கும் கேட்கும், சுவருக்கும் கேட்கும்.

"மேடம், ஒரு டிரைவர். ரெண்டு மாசமா உள்ள இருக்கான். நேத்து சாயங்காலம் அவன் கையெழுத்திலயே விடலாம்னு உத்தரவு போட்டாச்சு. ஆள் இன்னும் உள்ளதான் இருக்கான்."

ஆதாமும் இல்லை, அப்பாவின் தம்பியும் இல்லை. ஆயுசில் முதல்தடவையாக மனுஷன் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார். அந்தப் பக்கம் அவள் குரலே மாறிப்போனது.

"யார் சொன்னாங்க உங்களுக்கு?"

"நானே காதால கேட்டேன். ஜட்ஜ் லீவுல போறாராம், அதனால அடுத்த வாரத்து மனுவையெல்லாம் நேத்தே எடுத்துட்டாரு. இலவச வக்கீல் ஓடிவந்து ரெண்டு வார்த்தை சொன்னாரு, உத்தரவை வாங்கினாரு, அடுத்த கோர்ட்டுக்கு ஓடிட்டாரு. அவரு வீட்டுல யாருக்கும் சொல்லல. காலையிலேருந்து கவுன்ட்டர் பக்கம் நின்னு பார்த்துட்டேன், யாரும் வந்து கேக்கவும் இல்ல. தாள் கிளார்க்கு மேசையிலயே கிடக்கு."

"அருமை சார். குடும்பத்துல யார் இருக்கா?"

"அம்மா மட்டும்."

"அவங்க என்ன சொல்றாங்க?"

மச்சான் போன் வயரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"சார்? அவங்கம்மா என்ன சொல்றாங்க?"

"அவங்களுக்கு... இன்னும் தெரியாது மேடம். சொன்னா ஓடிப்போய்க் கேட்டு வெளிய எடுத்துருவாங்க. அப்புறம் கதை ஏது? நீங்க எழுதினதுக்கப்புறம்..."

என் கையிலிருந்த பெட்டியை இந்தத் தடவை நிமிர்த்தித்தான் வைத்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஓடியது, நின்றது, ஓடியது. கைக்கு எட்டுகிற தூரத்தில் அவளை வைத்துக்கொண்டு, ஒரு ராத்திரியும் அரைப் பகலும் இந்த மனுஷன் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்.

போனில் அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். "சார், இன்னிக்கு என்ன கிழமை?" என்று கேட்டாள்.

"வெள்ளி."

"நாளையிலேருந்து மூணு நாள் கோர்ட் லீவு. என்னைக் கூப்பிடறதுக்கு முன்னாடி அவங்களைக் கூப்பிட்டிருக்க வேண்டாமா? போனை வைங்க. போய்ச் சொல்லுங்க. நானும் வர்றேன்."

மச்சான் போனை வைத்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். கோபம் தொண்டை வரைக்கும் வந்ததுதான். ஆனால் கள்ளத்தனமாக ஒளித்து வைத்தவன் முகம் அப்படி இருக்காது. கையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டே ஊரெல்லாம் தேடியவன் முகம் அப்படித்தான் இருக்கும்.

"நீ சொல்லிடு மாப்ளே" என்றார்.

"நான் சொல்லமாட்டேன். உங்க வாய்தான் மூடியிருந்துச்சு. அதைத் திறந்து நீங்களே சொல்லுங்க."

முன்பக்கம் போனார். நான் பின்னாலேயே நின்றேன். அவள் பல்லில் நூலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"தாயி, உன் மகனை விடச் சொல்லி உத்தரவாயிருச்சு."

நூல் வாயிலிருந்து விழுந்தது. "எப்ப?"

"நேத்து."

"நேத்து எப்ப?"

"சாயங்காலம். நான் அங்கதான் இருந்தேன்."

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு என் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். திட்டுவதற்கு நேரமில்லை என்று முடிவு பண்ணிவிட்டாள் போலிருக்கிறது. கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைக்கூடக் கழற்றாமல் தெருவில் இறங்கிவிட்டாள்.

இலவச வக்கீலைத் தேடினால் அவர் வேறு ஊர்க் கோர்ட்டுக்குப் போயிருந்தார். வக்கீல் இல்லாமல் கவுன்ட்டரில் போய் நின்றால் எறும்பைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு மொட்டைத்தலை வக்கீல், "கவுன் ரெடியாப்பா? அவசரம்" என்று கடைக்கு வந்தார்.

"ரெடி சார். ஆனா கவுனோட நானும் வருவேன்."

"எங்கய்யா?"

"கவுன்ட்டர் வரைக்கும். ஒரு உத்தரவைக் கேட்டு வாங்கிக் கொடுத்துட்டு நீங்க போட்டுக்குங்க."

"இது என்னய்யா, கவுனைப் பிணைக் கைதியா வச்சிருக்கியா?"

"ஆமா சார், இதுக்கும் ஜாமீன் உண்டு. அஞ்சு நிமிஷ வேலைதான்."

சிரித்துக்கொண்டே வந்தார். நல்லது நடக்கிற நாளில் மொட்டை வக்கீலும் முடிசூடிய ராஜாதான். கவுன்ட்டரில் அவர் தலையைக் கண்டதும் கிளார்க்கு எழுந்து நின்றார். உத்தரவு டைப் ஆகியிருந்தது. கையெழுத்துக்குப் போகிற தாள் அடுக்கின் அடியில் கிடந்தது. கேட்க ஆளில்லாத தாள் அடியில்தான் போகும். ஜட்ஜ் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார், இன்னும் கிளம்பவில்லை. வக்கீல் உள்ளே ஓடிக் கையெழுத்தை வாங்கிக்கொண்டு வந்தார். அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் கிளார்க்கு நிதானமாகச் சொன்னார்.

"ஜெயில் கட்டு போயிருச்சே. இனிமே செவ்வாய்க்கிழமைதான்."

கட்டு என்றால் உத்தரவுகளையெல்லாம் ஒரு பையில் போட்டு, ஒரு ஆள் சைக்கிளில் ஜெயிலுக்கு எடுத்துப் போவது. நாளுக்கு ஒரு தடவைதான். மறுநாள் லீவு என்பதால் அன்றைக்கு அவன் சீக்கிரமே கிளம்பியிருந்தான். இத்தனை வருஷம் கோர்ட்டிலேயே குடியிருந்த மச்சானுக்கு இந்தக் கட்டு சமாசாரம் தெரியாது. தாளைக் கேட்டு வாங்கிவிட்டால் அன்றைக்கே ஆள் வெளியே வந்துவிடுவான் என்றுதான் அவரும் நினைத்திருந்தார்.

அப்போதுதான் நிருபரம்மா வந்து சேர்ந்தாள். குரலை உயர்த்தவில்லை. கிளார்க்கிடம், "கோர்ட் ஆள் யாராவது வேற வண்டியில எடுத்துட்டுப் போனா வாங்கிக்குவாங்களா சார்?" என்று கேட்டாள்.

"வாங்கிப்பாங்க. ஆனா வண்டிக்கு எங்கம்மா போறது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் துணி டெலிவரி வேன் வாசலில்தான் நின்றது.

ஒரு டவாலியை அனுப்பச் சம்மதித்தார் கிளார்க்கு. அந்த டவாலி, "வீட்டுக்குப் போற நேரத்துல இது என்ன ரோதனை" என்று முனகினார். "உங்க வீட்டு வாசல்லயே இறக்கிவிடறேன்" என்று ஏற்றிக்கொண்டேன். முன்சீட்டில் டவாலி, மடியில் அரக்கு வைத்த உறை. பின்னால், கம்பியில் தொங்குகிற கவுன்களுக்கு நடுவே தையல்காரம்மா. பிரேக் போடும்போதெல்லாம் பத்துக் கறுப்புக் கவுனும் ஒரே நேரத்தில் அவள்மேல் வந்து சாயும், அவள் தள்ளிவிடுவாள். அழுக்கு மூட்டைகளின்மேல் மச்சான், இன்னொரு மூட்டை மாதிரி. வழியெல்லாம் டவாலி மட்டும், "ஏம்மா, அந்தச் சிக்னல்ல இடதுபக்கம் போனா சீக்கிரம்" என்று வண்டி ஓட்டாத அவளிடம் வழி சொல்லிக்கொண்டு வந்தார்.

ஜெயில் வாசலில் உறையை வாங்கிக்கொண்டார்கள். காத்திருந்தோம். என்னென்னவோ எழுதினார்கள், கூப்பிட்டார்கள், மறுபடியும் எழுதினார்கள். வெளிச்சம் மங்குவதற்குள் பெரிய கதவில் இருந்த சின்னக் கதவு திறந்தது. குனிந்து வெளியே வந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

அவள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. கிட்டே போய் அவன் தோளை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். சட்டைத் தையல் முழங்கை நோக்கி இறங்கியிருந்தது. "தோள்பட்டை இறங்கிப் போச்சு. எல்லாச் சட்டையையும் பிடிச்சுத் தைக்கணும்" என்றாள். அதற்கப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது. எனக்கும் என்னவோ கண்ணில் தூசி விழுந்தது. டவாலி வீட்டு ஞாபகமே இல்லாமல், "சாப்பிட்டியாப்பா?" என்று அவனைக் கேட்டார். அந்த நிமிஷம் எனக்கு இருந்த நிம்மதிக்கு, ஊரிலுள்ள கவுனையெல்லாம் சும்மா தேய்த்துக் கொடுக்கச் சொன்னாலும் கொடுத்திருப்பேன். நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.

"யாரும்மா இவங்கல்லாம்?" என்றான் மகன்.

"இவர் நம்ம கடைக்காரர். இவர் கோர்ட்டு ஐயா. இவர்..." மச்சானிடம் வந்ததும் நிறுத்தினாள். "இவர் கோர்ட்ல உக்காந்திருக்கிறவர்."

மச்சான் அந்தப் பையனுக்கு ஒரு கும்பிடு போட்டார். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. பதிலுக்குக் கும்பிட்டான்.

நிருபரம்மா அடுத்த வாரம் என் கடைக்குப் போன் பண்ணினாள். மச்சானைக் கேட்கவில்லை, தையல்காரம்மாவைக் கேட்டாள். மகன் வேறு வேலை தேட வேண்டும், பெயர் போட வேண்டாம் என்றாள் இவள். அவள் பெயர் போடவில்லை. சைக்கிளில் நாளுக்கு ஒரு தடவை போகும் அந்தக் கட்டைப் பற்றியும், அதைத் தவறவிட்டு உள்ளே கிடந்த மற்றவர்களைப் பற்றியும் தேடிப்போய் விசாரித்து எழுதினாள். ஜெயில் அதிகாரி என்ன சொன்னார், கோர்ட் அதிகாரி என்ன சொன்னார் என்பதும் அதில் இருந்தது. முதல் பக்கத்திலேயே வந்தது. சில மாதத்தில் காலை ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை என்று வண்டி விட்டார்கள். மச்சான் அந்தப் பத்திரிகையைத் தேய்ப்பு மேசைமேல் விரித்து, கண்ணாடி போட்டு முழுவதும் படித்தார்.

"எப்படி மச்சான் இருக்கு?"

"எதிராளி சொன்னதையும் போட்டிருக்காங்க" என்றார். "போடத்தான் வேணும் போலிருக்கு."

தையல்காரம்மா மட்டும் அவரோடு பேசவில்லை. வருவார், போவார், அவள் தலை நிமிராது. சண்டையும் போடவில்லை. என் பெண்டாட்டி சமாதானம் பேசப் பார்த்தாள். "அண்ணிக்கு என்ன தெரியும், என் புள்ள அங்க ஒரு ராத்திரி கூடுதலாத் தூங்கினான்" என்றாளாம் தையல்காரம்மா. மச்சானும் முன்பக்கம் உட்காருவதை விட்டுவிட்டு உள்ளறையில் அழுக்கு மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டார். கோர்ட்டுக்குப் போவதை நிறுத்தவில்லை. ஆனால் போனைத் தொடவில்லை.

மகனுக்கு ஒரு பால் வண்டியில் வேலை கிடைத்த பிறகு, ஒரு காற்றடிக்கிற நாளில், மச்சான் வாசலைத் தாண்டும்போது அவள் தலை நிமிராமல் சொன்னாள்.

"அண்ணே, அந்த ஜன்னலைச் சாத்துங்க. நூல் பறக்குது."

அவ்வளவுதான். மச்சான் அந்த ஜன்னலைச் சாத்தினார், கொக்கியைப் போட்டார், போட்ட கொக்கியை இழுத்துப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து மூட்டைமேல் உட்கார்ந்து, "மாப்ளே, டீ சொல்லேன்" என்றார். அன்றைக்கு டீயை ஆற விடவில்லை.

அதற்கப்புறம் மறுபடியும் என் போனை ஆபீஸ் ஆக்கிக்கொண்டார். ஆனால் வழி மாறிவிட்டது. வராந்தாவில் யாரையாவது ஓரமாகக் கூப்பிட்டு, உங்கள் வழக்கு நாளைக்கே வருகிறது, உங்கள் வக்கீல் இந்தத் தேதியை வாங்கியிருக்கிறார் என்று சொல்லிவிட்டுத்தான் கடைக்கு வருவார். அதனால் அவர் கதைகளில் பாதி கதையாவதற்கு முன்பே தீர்ந்துபோனது. நிருபரம்மாகூட ஒருநாள், "நீங்க இப்படியே போனா என் வேலைக்கு வேட்டு வச்சிருவீங்க சார்" என்று சிரித்தாள். அச்சில் வந்தவை குறைவு. அவர் பெயர் எதிலும் வந்ததில்லை. கேட்கவும் மாட்டார்.

போன வருஷம் அவர் முழங்கால் கோர்ட் படிக்கட்டோடு ஒத்துப்போக மறுத்துவிட்டது. மகள் வந்து, தன் ஊருக்கு அழைத்துப் போவதாகச் சொன்னாள். மாடிப்படி இல்லாத வீடாம். "அங்க கோர்ட் இருக்காம்மா?" என்றுதான் முதலில் கேட்டார். நடக்கிற தூரத்தில் இல்லை என்றதும் பெருமூச்சு விட்டுவிட்டுச் சரி என்றார். தையல்காரம்மா அவருடைய நாலு சட்டையையும் வாங்கி, தளர்ந்த பட்டனையெல்லாம் இறுக்கித் தைத்துக் கொடுத்தாள்.

பஸ் ஏற்ற நான்தான் போனேன். பெட்டியை மேலே வைத்துவிட்டு இறங்கும்போது ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்தார்.

"மாப்ளே, ஒரு வேலை. நாளைக்கு மேல்மாடி மூணாவது ரூம்ல ஒரு தீர்ப்பு. ஒரு செருப்புக்கடைப் பொண்ணு, மாமியார் வீட்ல அதோட குழந்தையைக் கொடுக்கமாட்டேங்கிறாங்க. வக்கீல் மதியத்துக்கு மேல வரமாட்டாரு. அந்தப் பொண்ணுக்கு உள்ள உட்கார பயம், கீழ மரத்தடியிலயே நிக்கும். நீ போய்க் கடைசி பெஞ்சுல உக்காரு."

"எனக்குக் கோர்ட் பாஷை என்ன மச்சான் தெரியும்? கோட்டு தேய்க்கத்தான் தெரியும்."

"பாஷை வேண்டாம். குழந்தை யாருகிட்டன்னு கடைசில சொல்லுவாங்க, அதை மட்டும் கேட்டுக்கோ. நேரா கீழ வந்து அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு. வழியில யாரு கேட்டாலும் நிக்காதே. அதுக்கப்புறம் மேடத்துக்குப் போன் பண்ணு. எனக்கு நிதானமா, எப்ப முடியுதோ அப்பச் சொன்னாப் போதும்."